சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வெளியிட ஆசை. இசைத் தொழிலில் பணம் எப்படி வருகிறது, முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் வீட்டிலேயே கீபோர்டும் மைக்கும் வைத்து இரண்டு மூன்று பாட்டு முடித்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. யாரோ ஒரு கம்பெனி "நாங்க ரிலீஸ் பண்றோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று பேப்பரையும் அனுப்பியிருக்கும். இன்னும் அனுப்பவில்லை என்றால் சீக்கிரம் அனுப்பும். அதனால் பணத்துக்கு முன்னால் பாட்டு யாருடையது என்பதைப் பேசிவிடலாம். இந்தத் தொழில் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

நம் காதுக்கு அது ஒரே பாட்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்கு அது மூன்று சொத்து. வரி எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, அதைப் பாடவைத்துப் பதிவு செய்து வெளியிட்டவருக்கு அந்த ஒலிப்பதிவு. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனியாகக் கலைஞர் உரிமை உண்டு. எங்கிருந்து காசு வந்தாலும் இந்த வாய்க்கால்களில்தான் பிரிந்து போகும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். அப்பா நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை பார்த்துக்கொண்டே அம்மன் பாட்டு எழுதியவர். மெட்டும் அவரே போடுவார். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனி வந்தது. அப்பாவின் பாட்டுகளை மொத்தமாக ஒரு தொகைக்கு வாங்கிப் பெரிய பாடகரைப் பாடவைத்தார்கள். ஆடி மாதம் வந்தால் கடலூரிலிருந்து பண்ருட்டி, விழுப்புரம் வரைக்கும் மைக்செட்டில் அந்தப் பாட்டுதான் ஓடும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு சாமி வரும்போது அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அப்பா கூட்டத்தில் நிற்பார். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது, எழுதியவர் இவர்தான் என்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாமி ஊர்வலத்தில், திருவிழாச் சடங்கில் பாட்டு போடுவதற்கு நாங்கள் காசு கேட்கவில்லை. உண்மையான சமயச் சடங்குகளுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது, அது நியாயமும்கூட. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் யூடியூப் வந்தது, ஒவ்வொன்றிலும் அந்தப் பாட்டு விற்றது. அப்பாவுக்கு முதலில் கொடுத்த தொகையைத் தவிர ஒரு ரூபாய் வரவில்லை. எங்கள் வருத்தம் அதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அதில் ஒரு பாட்டை நானே பாடி, எங்கள் குழுவின் தபேலா, பம்பை, கீபோர்டு வைத்துப் புதிதாகப் பதிவு செய்து போட்டேன். உடனே யூடியூபில் கிளெயிம் வந்துவிட்டது. மெட்டு அவர்களுடையதாம், விளம்பர வருமானமும் அவர்களுக்காம். போன் செய்தேன். "அதான் அப்பவே மொத்தமா செட்டில் பண்ணிட்டோமேம்மா" என்றார் ஒருவர். அப்பாவோ, "விடும்மா, ஆத்தாளுக்கு எழுதினது" என்றார். நான் விடவில்லை. பீரோவிலிருந்து அந்தப் பழைய ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து வரிவரியாகப் படித்தேன். பாட்டுகளின் பெயர், தொகை, கையெழுத்து எல்லாம் இருந்தது. எத்தனை வருஷத்துக்கு என்று மட்டும் எங்குமே எழுதவில்லை.

காலம் எழுதாத ஒப்பந்தம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும் என்கிறது சட்டத்தின் 19ஆவது பிரிவு. எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பைக் குத்தகைக்கு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குத்தகை முடிந்தால் மரம் நமக்குத் திரும்பிவிடும், அதுவரை பறித்த காய் அவருடையது. அதே மாதிரி அந்தப் பழைய ஒலிப்பதிவு இன்றைக்கும் கம்பெனியுடையதுதான், அதை நான் தொட முடியாது, தொடவும் இல்லை. ஆனால் வரியும் மெட்டும் அப்பாவிடம் எப்போதோ திரும்பிவிட்டன. அந்தப் பேப்பரை ஆதாரமாக வைத்து ஆட்சேபம் போட்டேன். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு. அதற்குள் கிளெயிமை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்த வீடியோவின் கீழே எழுத்து, மெட்டு என்று அப்பா பெயர் இருக்கிறது. அதில் எனக்கு இருக்கும் பெருமையை மறைக்க மாட்டேன்.

"பக்திப் பாட்டுக்குக் காசு கேட்கலாமா" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். விற்றவர் காசு வாங்கும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அனுமதி இல்லாமல் தன் பாட்டை மேடையில் பாடக்கூடாது என்று 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோதும் இப்படித்தான் பேசினார்கள். அந்த விவகாரத்தின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. உண்டாக்கியவர் வாய் திறந்தாலே பேராசை என்று சொல்லும் பழக்கத்தைச் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. உங்கள் பேப்பரில் "எக்காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்று இருந்தால் எங்கள் கதை உங்களுக்குப் பொருந்தாது. இப்போது வரும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் வரும் பணத்தில், அவர்களுக்குச் சரிபங்கு உண்டு. அதை வேண்டாம் என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. சினிமாப் பாட்டுக்கும் இது பொருந்தும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் பொருந்தாது.

அந்த ராயல்டியை நாமே போய் வாங்க முடியாது என்பதால்தான் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. 1969இல் தொடங்கியது, 2017இல் மறுபடி பதிவு பெற்றது. ரேடியோ, டிவி, ஹோட்டல், மேடை, ஆன்லைன் என்று வசூலித்து எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பிரித்துத் தருகிறது. உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்தால்தான் உங்கள் பெயருக்கு வரும். அப்பாவைச் சேர்த்துவிட்டோம்.

ஒலிப்பதிவுப் பணம் வேறு வழி. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி ஆன்லைன் விநியோகஸ்தர் மூலம் ஸ்பாட்டிஃபை போன்ற பாட்டு ஆப்களில் ஏற்றினால் ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்துள்ள ஐ.எஸ்.ஆர்.சி. எண் கிடைக்கும், கணக்கு அதை வைத்துத்தான் ஓடும். ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் வருமானத்தைப் பொதுவில் சேர்த்து, கேட்ட அளவுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு அந்தப் பங்கே இல்லை.

வள்ளலார், பாரதியார் பாட்டுக்கு மெட்டுப் போடும் எண்ணம் இருந்தால் வரிகளுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். பாரதியார் உரிமையை 1949இல் அரசே வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. புதுச்சேரியில் 1908 முதல் பத்து வருஷம் அவர் எழுதியதெல்லாம் இன்று யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் பின்னால் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. மெட்டு உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, விழாக் கமிட்டிகள் மைக்செட்டுக்கும் பந்தலுக்கும் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். பாடுகிறவர்களுக்கு மட்டும் நிகழ்ச்சி முடிந்து நடுராத்திரியில், பேசியதில் குறைத்து, கவரில் தருகிறார்கள். ஃபிளெக்ஸில் உபயதாரர் படம் வரிசையாக இருக்கும், கலைஞர் பெயர் ஒரு மூலையில்கூட இருக்காது. புதுச்சேரியில் சில இடங்களில் சாப்பாடு போட்டால் போதும் என்றே கூப்பிடுகிறார்கள். தபேலாக்காரரும் பஸ் டிக்கெட் எடுத்துத்தான் வருகிறார்.

சரி, உங்களுக்கு வருகிறேன். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயம் இல்லை, படைத்த உடனே உரிமை வந்துவிடுகிறது. ஆனால் நண்பர்களோடு சேர்ந்து செய்தால், ரெக்கார்டிங்குக்கு முன்பே யார் வரி, யார் மெட்டு, ஒலிப்பதிவு யாருக்கு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி பேப்பர் வந்தால் காலம், எல்லை, ராயல்டி ஆகிய மூன்றையும் முதலில் தேடுங்கள். புரியாத வரி இருந்தால் பெயர், தொகையை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். எனக்குத் தெரிந்த வரை படித்துச் சொல்கிறேன்.