மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் தேநீர்

கேள்வி: நான் 46 வயதுப் பெண். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பதாக மருத்துவர் சொன்னதிலிருந்து மூன்று மாதமாகப் பாலும் சர்க்கரையும் இல்லாத பிளாக் டீதான் குடிக்கிறேன். கசப்பு தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன். காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டுகிறது. சாப்பிட்ட கையோடும் ஒரு டம்ளர் குடிப்பேன். அண்மையில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4 என்று வந்திருக்கிறது. டீயை அடியோடு நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் மூக்கைப் பிடிப்பதை நிறுத்துங்கள். தேநீரில் ரசிக்க இருப்பதில் பெரும்பகுதி மணம்தான். விழுங்கும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் ஆவியில்தான் பூ வாசம், தேன் வாசம், ஈரக்கட்டை வாசம் என்று ஒவ்வொரு தேயிலையும் தன்னைக் காட்டிக்கொள்ளும். அந்த வழியை அடைத்துவிட்டால் நாக்குக்கு மிஞ்சுவது கசப்பும் துவர்ப்பும் மட்டுமே.

நீங்கள் கசப்பு என்று எழுதியிருப்பதிலும் பாதி துவர்ப்பாக இருக்கும் என்பது என் ஐயம். ஒரு வாய் குடித்ததும் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். சொரசொரப்பாக, வறண்டு இழுத்தால் அது துவர்ப்பு. தேயிலையில் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் என்ற இயற்கைப் பொருள்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. (உடலியல் நூல்கள் இதைச் சுவைக் கணக்கில் சேர்க்காமல் தொடுவுணர்ச்சி என்கின்றன. அறுசுவையில் இடம் கொடுத்த நாம் அதற்காகக் கணக்கை மாற்ற வேண்டியதில்லை.) பால் சேர்த்தால் அதே பாலிஃபீனால்கள் பாலின் கேசின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும், நாக்கு தப்பித்துவிடும். தூளை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் பால் டீ குடிக்க முடிவது அதனால்தான். பாலை விட்டவர்கள் பலர் அந்தக் கொதிக்கவிடும் பழக்கத்தை மட்டும் விடுவதில்லை. நீங்களும் அப்படித்தான் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்படிச் செய்து பாருங்கள். 200 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி தேயிலையைப் போட்டு மூடுங்கள். இலையாக இருந்தால் மூன்று நிமிடம், பொடித்தூளாக இருந்தால் அதைவிடக் குறைவு. வடிகட்டும்போது தூளைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள். டம்ளரைக் கையில் எடுத்து, குடிப்பதற்கு முன் நன்றாக முகர்ந்து பாருங்கள். பிறகு கொஞ்சமாக, காற்றையும் சேர்த்து உறிஞ்சுங்கள். சத்தம் வந்தால் வரட்டும். தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். இரண்டு நொடி வாயில் வைத்திருந்து விழுங்கி, மூக்கால் மூச்சை விடுங்கள். மணம் அப்போதுதான் வரும். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் அந்தத் தேயிலையே சுமாராக இருக்கலாம், வேறொன்றை வாங்கிப் பாருங்கள்.

கொதிக்கக் கொதிக்க மட்டும் குடிக்க வேண்டாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. குற்றம் சூட்டின் மேல்தான், தேயிலையின் மேல் இல்லை. தவிர, சுட்டுப்போன நாக்குக்கு ஒன்றும் தெரியாது.

குமட்டலுக்கு வழி எளிது. துவர்ப்பு மிகுந்த டீ வெறும் வயிற்றில் சிலருக்குப் புரட்டும், காஃபீன் அமிலச் சுரப்பையும் தூண்டும். எதையாவது கொஞ்சம் சாப்பிட்ட பிறகு குடியுங்கள். அதன் பிறகும் குமட்டலோ நெஞ்செரிச்சலோ நீடித்தால் வயிற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கடைசியில் சொன்ன ஹீமோகுளோபின்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தசோகை. உணவோடு குடிக்கும் டீ, தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைச் சரிபாதிக்கும் கீழாகவே குறைத்துவிடக்கூடும். ஆகவே சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒருபோதும் டீயோடு விழுங்காதீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் அப்படியே, வெறும் தண்ணீர்தான். ஆனால் பழியை முழுக்க டீயின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. மூன்று மாத டீ மட்டுமே ஹீமோகுளோபினை இந்த அளவுக்கு இறக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்த வயதில் மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உடலில் இருப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பரிசோதியுங்கள்.

டீ சர்க்கரை நோயைக் குணப்படுத்தாது. நீங்கள் கைவிட்ட சர்க்கரைதான் உங்களுக்கு லாபம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்து மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் வியந்துபோவீர்கள்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு டம்ளர் குடிக்கலாம், மாலைக்குப் பிறகு வேண்டாம், தூக்கம் கெடும்.

இன்னொன்று. உங்கள் சர்க்கரையை மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் வைத்துச் சொன்னார்களா? இரும்புச்சத்துக் குறைவினால் வரும் இரத்தசோகையில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு. இரத்தசோகையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் சொல்லி, வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பிறகும் சர்க்கரையைத் தனித்தனியே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனைக்கு முன் தண்ணீர் மட்டும்தான். பிளாக் டீயும் கூடாது.