‘உண்மைச் சம்பவம்’ என்று போட்ட படத்தில் நிஜ மனிதர்கள் ஏன் மாறிப்போகிறார்கள்?

‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்றால், நடந்ததை எடுத்துக் கதையாக்கியது என்றுதான் பொருள். பல வருட விஷயம் மூன்று மணி நேரத்தில் அடங்க வேண்டும். அதனால் நாலு பேரை ஒரே பாத்திரமாக்குவார்கள். சாட்சியில்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்புவார்கள். கல்யாண ஆல்பத்தைப் பார்த்து, பந்தியில் சண்டை போட்ட சித்தப்பாவைக் கண்டுபிடிக்க முடியுமா?

1997இல் வந்த ‘டைட்டானிக்’கில் கப்பலின் முதல் அதிகாரி வில்லியம் முர்டாக் உயிர்காப்புப் படகில் ஏற முண்டியடிக்கும் ஆண் பயணிகளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். யாரோ ஓர் அதிகாரி சுட்டதாகத் தப்பியவர்கள் சிலர் சொன்னதுண்டு. அது முர்டாக்தான் என்று உறுதியாகவில்லை. அவர் கவனித்த வலப்பக்கப் படகுகளிலோ, பெண்கள் அருகில் இல்லாதபோது ஆண்களையும் ஏற்றினார்கள். 1998இல் பட நிறுவனத்தார் ஸ்காட்லாந்தில் அவருடைய ஊரான டால்பீட்டிக்கே போய் மன்னிப்புக் கேட்டு, பள்ளிப் பரிசு நிதிக்கு 5,000 பவுண்டும் கொடுத்தார்கள். காட்சி அப்படியேதான் இருக்கிறது.

பெயர் நிஜமென்றால் செயலும் நிஜம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பெயர் நிஜம், துப்பாக்கிச் சூடு ஊகம்.