டூயல் பூட் கணினியில் இருந்து உபுண்டுவை மட்டும் பத்திரமாக நீக்குவது எப்படி?

உங்கள் கேள்வி: மடிக்கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் இருக்கின்றன, உபுண்டு இனி தேவையில்லை, டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்த பகுதியான பார்ட்டிஷனை டெலீட் செய்தால் போதுமா, விண்டோஸுக்கு ஏதாவது ஆகிவிடுமா?

விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எடுத்த எடுப்பில் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த முறை கணினியைப் போடும்போது விண்டோஸ் வராமல் கறுப்புத் திரை வந்து நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. எனவே வரிசைதான் முக்கியம். உபுண்டுவின் துணையில்லாமல் விண்டோஸ் தானாக எழுகிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம்தான் எதையும் அழிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிகள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உபுண்டுவை நிறுவியதும், கணினியை எழுப்பும் பொறுப்பை க்ரப் என்ற பூட் லோடர் எடுத்துக்கொள்கிறது. அது இரண்டு இடங்களில் பிரிந்து இருக்கிறது. தொடக்கத் துண்டு ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சின்னப் பகுதியில் இருக்கும். மெனு, அமைப்புகள், மற்ற கோப்புகள் எல்லாம் உபுண்டுவின் சொந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். பார்ட்டிஷனை மட்டும் அழித்தால் தொடக்கத் துண்டு மிஞ்சுகிறது. அது தன்னிடம் குறித்து வைத்திருக்கும் அடையாள எண்ணைக் கொண்டு பழைய பார்ட்டிஷனைத் தேடும். கிடைக்காததால் 'க்ரப்>' என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கும். விண்டோஸின் கோப்புகள் எல்லாம் அதே இடத்தில் அப்படியே இருக்கும். அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

எங்கள் தெருவில் இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண் இந்த நிலையில் மடிக்கணினியைக் கொண்டு வந்தாள். வீடியோ பார்த்து பார்ட்டிஷனை அழித்திருக்கிறாள். கடையில் காட்டியதற்கு முழுசாக ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்றார்களாம். ப்ராஜெக்ட் முழுவதும் சி டிரைவில் இருந்தது, முகம் வெளிறிப்போய் நின்றாள். அந்த 'க்ரப்>' முன்னால் எக்ஸிட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுக்கச் சொன்னேன். திரை ஒரு நொடி அணைந்து, விண்டோஸ் எழுந்து வந்தது. யூஈஎஃப்ஐ என்பது கணினியை எழுப்பும் புதிய முறை. அது உள்ள பல கணினிகளில் இப்படி வெளியேறினால் பட்டியலில் அடுத்து இருக்கும் இயங்குதளத்துக்குப் போய்விடும், அல்லது பூட் மெனுவுக்காவது கூட்டிப் போகும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஃபார்மட் செய்யும் முன் இதை முயன்று பாருங்கள்.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யூஈஎஃப்ஐ என்று இருந்தால் வேலை எளிது. லெகசி, அதாவது பழைய முறை என்று இருந்தால் வழி வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். கடந்த பத்தாண்டுகளில் வாங்கிய மடிக்கணினி என்றால் பெரும்பாலும் யூஈஎஃப்ஐதான்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் உண்மையிலேயே தரவு போகக்கூடிய இடம் இதுதான். விண்டோஸ் 11 வரும் பல மடிக்கணினிகளில் நாம் கேட்காமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கிக்கொண்டிருக்கும். பூட் அமைப்புகளில் கை வைத்தால், அடுத்த முறை கணினி எழும்போது 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் டிரைவைத் திறக்க வேறு வழியே இல்லை. எந்தக் கடைக்காரராலும் முடியாது. ஆகவே செட்டிங்ஸில் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் கோப்பாகச் சேமித்துப் பயனில்லை. கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கம் இருந்தால், பாதுகாப்பை சஸ்பெண்ட் செய்துவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது.

உபுண்டுவில் இருக்கும் கோப்புகளை இப்போதே வெளியே எடுங்கள். அதன் ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகப் படிக்காது, அழித்த பிறகு யோசித்து லாபமில்லை. ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். வேறு கணினிகளுக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் கீக்கள் அங்கேதான் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகள், சேமித்த கடவுச்சொற்கள் 22.04 பதிப்பில் இருந்து ஸ்னாப் என்ற ஃபோல்டருக்குள் போய்விட்டன, ஞாபகமாகப் பாருங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்த பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ எல்லாவற்றையும் போட்டு, விண்டோஸில் திறந்து சரிபாருங்கள். அப்படியே உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலியையும் திறந்து, எந்தப் பார்ட்டிஷன் என்ன அளவு என்று தெரியும்படி திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் பின்னால் மிகவும் உதவும்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு விண்டோஸ் நிறுவும் பென்டிரைவும் தயார் செய்து வையுங்கள். தேவைப்படாமலே போகலாம். ஆனால் தேவைப்படும் நேரத்தில் அதைத் தயாரிக்க இன்னொரு கணினியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இனி முக்கியமான படி. கணினியைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் பட்டனை அழுத்தி அமைப்புத் திரைக்குள் போங்கள். பட்டன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பூட் வரிசையில் உபுண்டு மேலேயும் விண்டோஸ் பூட் மேனேஜர் கீழேயும் இருக்கும். விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றிச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். க்ரப் மெனு வராமல் நேராக விண்டோஸ் வர வேண்டும். ஒருமுறை முழுசாக ஷட் டவுன் செய்தும் போட்டுப் பாருங்கள். இந்த நிலையில் நீங்கள் எதையும் இழக்கவில்லை, உபுண்டு முழுசாக உள்ளேயே இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் சில நாள் இப்படியே பயன்படுத்துங்கள். மறந்துபோன ஒரு கோப்பு ஞாபகத்துக்கு வருவது இந்த நாட்களில்தான்.

விண்டோஸ் தனியாக எழுவது உறுதியானதும், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். லினக்ஸ் பார்ட்டிஷன்களுக்கு டிரைவ் எழுத்தும் இருக்காது, ஃபைல் சிஸ்டம் பெயரும் இருக்காது. போனில் எடுத்த படத்தோடு அளவை ஒப்பிட்டு எது என்று உறுதி செய்யுங்கள். நிறுவும்போது ஹோமைத் தனியாகப் பிரித்திருந்தால் இரண்டு இருக்கும். பழைய பதிப்பாக இருந்தால், நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் என்று இன்னொன்றும் இருக்கலாம். 17.04 முதல் ஸ்வாப் ஒரு கோப்பாகவே வருவதால் புதியவற்றில் பெரும்பாலும் ஒன்றுதான். ரைட் கிளிக், டெலீட் வால்யூம், முடிந்தது. ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், ரிகவரி பார்ட்டிஷன் என்று எழுதியிருப்பவற்றின் பக்கமே போக வேண்டாம். அவற்றை அழிக்கும் வசதியை டிஸ்க் மேனேஜ்மென்ட் தராமல் இருப்பது நம்மைக் காப்பாற்றத்தான். டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் ஓவர்ரைடு போட்டு அழிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். விண்டோஸை எழுப்பும் கோப்புகளும் அந்த ஈஎஃப்ஐ பகுதிக்குள்தான் இருக்கின்றன.

அழித்த இடம் அன்அலொகேட்டட் என்று கறுப்புப் பட்டையோடு தெரியும். அது சி டிரைவுக்கு உடனே வலப்பக்கத்தில் இருந்தால், சி மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்துச் சேர்த்துவிடலாம். நடுவில் ரிகவரி பார்ட்டிஷனோ டி டிரைவோ இருந்தால் அந்த வசதி மங்கலாகத்தான் இருக்கும். பார்ட்டிஷன்களை நகர்த்தும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். என் பரிந்துரை, அந்த இடத்தைப் புதிய டிரைவாக ஆக்கி, படங்களையும் வீடியோக்களையும் அங்கே போட்டுக்கொள்வதுதான். சி டிரைவில் இடம் தானாகவே காலியாகும்.

பூட் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் இன்னும் இருக்கும். ஈஎஃப்ஐ பகுதிக்குள் அதன் ஃபோல்டரும் இருக்கும். சில எம்பிதான், விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை. எடுத்துவிட வேண்டும் என்றால், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, மவுண்ட்வால் கட்டளையால் அந்தப் பகுதிக்கு ஓர் எழுத்து கொடுத்து, உள்ளே ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டரில் இருக்கும் உபுண்டு ஃபோல்டரை மட்டும் நீக்கலாம். பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட், பூட் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். அவை விண்டோஸுக்கு வேண்டியவை. கட்டளை தட்டிப் பழக்கமில்லாதவர்கள் இந்தப் படியையே விட்டுவிடுவது மேல்.

லெகசி கணினி என்றால் பூட் வரிசையை மாற்றிப் பயனில்லை. அங்கே க்ரப்பின் தொடக்கத் துண்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டில், எம்பிஆர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் பென்டிரைவில் இருந்து பூட் செய்து, ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர் வழியாகக் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போய், பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால், விண்டோஸ் தன் பூட் குறியீட்டை அங்கே திரும்ப எழுதிக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் நேராக வருவதைப் பார்த்துவிட்டு அழியுங்கள். 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது, பலர் டூயல் பூட்டை முதலில் பார்த்ததே அதில்தான். அந்தக் காலத்துக் கணினிகளுக்கு இந்த வழிதான் பெரும்பாலும் பொருந்தும்.

லெகசியில் இன்னொரு சிக்கல் உண்டு. லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் என்ற பச்சைச் சட்டத்துக்குள் இருக்கும். உள்ளே இருப்பதை அழித்தாலும் அந்த இடம் ஃப்ரீ ஸ்பேஸ் என்று பச்சையாகவே இருக்கும், சி டிரைவோடு சேராது. சட்டத்தையும் அழித்தால்தான் சேரும். ஆனால் உங்கள் டி, இ டிரைவுகளும் அதே சட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சட்டத்தைத் தொடக்கூடாது. பச்சை இடத்தில் ஒரு புதிய டிரைவை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

உபுண்டு தனி டிஸ்க்கில் இருந்தால் அந்த டிஸ்க்கைக் கழற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. உபுண்டு இரண்டாவது டிஸ்க்கில் இருந்தாலும் அதன் பூட் லோடர் முதல் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பகுதிக்குள் போயிருக்கலாம். சில கணினிகளில் விண்டோஸின் பூட் கோப்புகளே இரண்டாவது டிஸ்க்கில் இருப்பதும் உண்டு. ஈஎஃப்ஐ பகுதி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்க்காமல் எந்த டிஸ்க்கையும் முழுசாக ஃபார்மட் செய்யாதீர்கள்.

ஒருவேளை கல்லூரிப் பாடத்துக்காகவோ நிரல் எழுதவோ எப்போதாவது லினக்ஸ் தேவைப்படும் என்றால், நீக்கிய பிறகு விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியைப் போட்டுக்கொள்ளலாம். டெர்மினல் வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும், பார்ட்டிஷன் பிரிக்கும் தொல்லையே கிடையாது.

எல்லாம் முடிந்ததும், சஸ்பெண்ட் செய்த பிட்லாக்கரைத் திரும்பத் தொடங்குங்கள். உபுண்டுவுக்காக செக்யூர் பூட்டையோ ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையோ அணைத்திருந்தால் அவற்றையும் போட்டுவிடலாம், செக்யூர் பூட்டை மாற்றும்போது ரிகவரி கீ கையில் இருக்கட்டும். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பயப்பட வேண்டாம். கணினியின் உள் கடிகாரத்தை உபுண்டு உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நேர அமைப்பில் சிங்க் நவ் ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும், இனி மாறவும் மாறாது.