தாவோவில் வாடகை முன்பணம்: எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கேள்வி: மகள் பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். வீட்டைக் காலி செய்து மூன்று மாதமாகியும் உரிமையாளர் 60,000 பெசோ முன்பணத்தைத் தரவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தாவோவின் முனிசிபல் ட்ரையல் கோர்ட்டில் வழக்குப் போடலாம். வக்கீல் தேவையே இல்லை. 10 லட்சம் பெசோ வரையிலான பணத் தகராறு அங்கே ‘ஸ்மால் கிளெய்ம்ஸ்’ முறையில் நடக்கும். விசாரணையில் உங்களுக்கும் சரி, எதிராளிக்கும் சரி, வக்கீல் வாதாடக் கூடாது.

ஆனால் நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு தள்ளுபடியாகலாம். இரு தரப்பும் ஒரே நகரில் வசிக்கும் தனிநபர்கள் என்றால், முதலில் பராங்காய் எனும் வட்டார நிர்வாகத்தில் சமரசம் பேச வேண்டும். அது முறிந்தால் கிடைக்கும் சான்றிதழை மனுவோடு வைக்க வேண்டும். வீடு கம்பெனி பெயரில் இருந்தால் இந்தப் படி கிடையாது. எனவே ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என முதலில் பாருங்கள்.

மனு எழுத அச்சிட்ட படிவமே உண்டு. ஒப்பந்தம், ரசீது, பணத்தைத் திருப்பிக் கேட்ட கடிதம், சாட்சிகளின் பிரமாண வாக்குமூலம் எல்லாவற்றையும் அன்றே இணைத்துவிடுங்கள். ‘விசாரணையில் காட்டிக்கொள்ளலாம்’ என்று வைத்திருந்த தாளைத் தக்க காரணமில்லாமல் பிறகு ஏற்க மாட்டார்கள். எதிராளி 10 நாளில் பதில் தர வேண்டும். விசாரணை முடிந்த 24 மணி நேரத்தில் தீர்ப்பு. அப்பீல் இல்லை, இது உங்களுக்கும் பொருந்தும், மறக்க வேண்டாம்! மகள் அதற்குள் ஊர் திரும்பிவிட்டால், காரணம் சொல்லி, வக்கீலாக இல்லாத உறவினர் ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதித் தரலாம். யாருமே ஆஜராகாவிட்டால் மனு தள்ளுபடி.

கேள்வி: மணிலாவில் ‘மெட்ரோபாலிட்டன்’, தாவோவில் ‘முனிசிபல்’ என்கிறார்களே. எது பெரிய கோர்ட்?

பதில்: இரண்டும் ஒரே படிதான். மணிலா பெருநகரப் பகுதியில் மெட்ரோபாலிட்டன், மற்ற நகரங்களில் ‘முனிசிபல் ட்ரையல் கோர்ட் இன் சிட்டிஸ்’. சிற்றூர்கள் சிலவற்றுக்குச் சேர்த்து ஒரே கோர்ட் இருந்தால் ‘சர்க்யூட்’. 2021இன் 11576ஆம் எண் சட்டத்துக்குப் பின் சிவில் உச்சவரம்பும் எல்லாவற்றுக்கும் ஒன்றே: 20 லட்சம் பெசோ. வட்டி, நஷ்டஈடு, வக்கீல் செலவு இதில் சேராது. கிரிமினலில் 6 ஆண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனைக் குற்றங்கள். மற்றவை பெரும்பாலும் ரீஜனல் ட்ரையல் கோர்ட்டுக்கு.

கேள்வி: குடியிருப்பவரே காலி செய்ய மறுத்தால்?

பதில்: வாடகை பாக்கி எத்தனை லட்சமானாலும் இதே கோர்ட்தான். காலி செய்யச் சொல்லிக் கடைசியாக அனுப்பிய நோட்டீஸிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். கடந்தால் அது வேறு வகை வழக்காகிவிடும். அப்போது எந்தக் கோர்ட் என்பதைச் சொத்தின் வரி மதிப்பு தீர்மானிக்கும், சந்தை விலை அல்ல. அந்த மதிப்பு 4 லட்சம் பெசோவைத் தாண்டினால் ரீஜனல் கோர்ட்.