ஆய்வு எத்தனை வகை? உங்களுடையது எது?

கேள்வி: பத்தமடைப் பாய் நெய்வோரைப் பற்றி பிஎச்.டி. செய்யச் சேர்ந்திருக்கிறேன். என்ன வகை ஆய்வு என்று சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) எழுதச் சொல்கிறார் கைடு. ஒரு புத்தகம் ஐந்து வகை என்கிறது, இன்னொன்று பன்னிரண்டு என்கிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு சென்டரில், பணம் கட்டினால் முழுவதும் எழுதித் தருகிறார்களாம். போகலாமா?
- வாசகி, சேரன்மகாதேவி

பதில்: வகை கிடக்கட்டும். உங்கள் கேள்வி என்ன? அதை ஒரே வரியில் எழுதுங்கள். விடை தெரியாத ஒன்றுக்கு, அடுத்தவர் சரிபார்க்கக்கூடிய வழியில் விடை தேடுவதுதான் ஆய்வு.

கேள்வி வந்துவிட்டால் வகையும் வந்துவிடும். பத்தமடையில் இன்று எத்தனை வீட்டில் தறி இருக்கிறது, ஒரு பாய்க்குக் கையில் என்ன நிற்கிறது என்று கேட்டால் விவரண ஆய்வு. நெய்கிற அம்மாவின் மகள் ஏன் தறியில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்பதற்கு டிக் அடிக்கும் படிவம் உதவாது. வீட்டுக்குள் உட்கார்ந்து பேச வேண்டும். அது பண்புசார் ஆய்வு. கோரையைத் தண்ணீரில் ஊறப்போடும் நாளை மட்டும் மாற்றி, எது மெல்லிசாகக் கிழிபடுகிறது என்று பார்த்தால் சோதனை ஆய்வு. ஒரே ஆய்வு இரண்டு பெயரும் தாங்கும். ஒருவர் நோக்கத்தை வைத்துப் பிரிக்கிறார், இன்னொருவர் முறையை வைத்துப் பிரிக்கிறார். எண்ணிக்கை மாறுவது அதனால்தான். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தால் அது படிவம் போட்டவர் கோளாறு. இதற்கே ஒரு மாதம் போகிறது நம் ஊரில்!

சென்டருக்கு மட்டும் போகாதீர்கள். யாருக்கோ எழுதிய முக்கூடல் பீடித் தொழிலாளர் ஆய்வில் பீடியை எடுத்துவிட்டுப் பாயைப் போடுவார்கள். வினாப்படிவங்களை அறைக்குள்ளேயே நிரப்பி, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டி, அழகழகாக அட்டவணை தருவார்கள். வாய்மொழித் தேர்வில் "ஒரு பாய்க்குக் கோரை எவ்வளவு பிடிக்கும்?" என்று ஒருவர் கேட்டால் போதும், முடிந்தது கதை.

"ஒப்புமையைக் குறைத்துத் தருகிறோம்" என்பது அடுத்த வலை. ஒப்புமை என்றால், உங்கள் எழுத்து ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் கணக்கு. பாய் நெய்வோரை 'விரிப்புப் பின்னுநர்' ஆக்குவதுதான் அவர்கள் வித்தை. 2018-இல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் சில பகுதிகள் இந்தக் கணக்கில் வராது, இதைக் கவனியுங்கள். உரிய பெயர் சொல்லி எடுத்த மேற்கோள் வராது. நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை வராது. சட்ட வாசகங்கள், பொதுவான கலைச்சொற்கள் வராது. எல்லோருக்கும் தெரிந்த செய்தியோ தற்செயலாக ஒத்துப்போன சொற்களோ தொடர்ச்சியாக 14 சொல் வரை இருந்தாலும் வராது. மென்பொருள் 18 சதவீதம் காட்டினால் பதறி சென்டருக்கு ஓடாமல், இவற்றை நீக்கி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நூலகத்தில் அந்த ஒரு பொத்தானை அழுத்த ஆளில்லை என்பார்கள். கடிதமாகவே எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் பழைய ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைத்தொழில் பற்றிய இரண்டு மூன்றை எடுத்து, முதல் அத்தியாயத்தில் கேள்வியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் இந்த வாரம் பாருங்கள்.