போர்வை முகத்தில் ஏறுகிறதே!

கேள்வி: பிறந்து மூன்று வாரமான என் மகள், போர்த்திவிட்ட கொஞ்ச நேரத்திலேயே உதைத்துத் தள்ளிவிடுகிறாள். ஒருமுறை போர்வை மூக்குவரை ஏறிக் கிடந்தது. ஸ்லீப் சாக், அதாவது உடைபோல உடுத்திவிடும் பை மாதிரியான போர்வை, வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம் என்று சொல்ல மாட்டோம். அறைக்குத் தகுந்த முழுக்கை உடையே போதுமென்றால் மேலே எதுவும் வேண்டாம். குளிருமோ என்று தோன்றினால், தளர்வான போர்வையைவிட உடுத்திவிடும் போர்வையே நல்லது. முகத்தில் விழுந்த துணியை விலக்கிக்கொள்ள இந்த வயதில் குழந்தைக்குத் தெரியாது. சாக் தோளில் நிற்பதால் உதைத்தாலும் மேலே ஏறாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது.

ஆனால் அளவு சரியாக இருந்தால்தான் இந்தப் பலன். ‘வளர்ந்த பிறகும் போடலாமே’ என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. கழுத்து அகலமாக இருந்தால் தலை உள்ளே நழுவிவிடும். போர்வையால் வரும் ஆபத்து அப்படியே திரும்பி வரும். லேபிளில் வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். மகளின் எடை அதில் போட்டிருக்கும் குறைந்தபட்ச எடையை எட்டவில்லை என்றால் காத்திருங்கள். பருத்தி சுருங்கும், ஒருமுறை துவைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஜிப்பை மூடியதும் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். தோள்பட்டைத் துணியை மெதுவாக மேலே இழுத்தால் அது தாடையைத் தாண்டி வாய்ப்பக்கம் வரக்கூடாது. கைத்துளை வழியே கை உள்ளே போய்விடக்கூடாது. இடுப்புக்குக் கீழே மட்டும் தாராளமாக இருக்கட்டும்: தவளைபோல முழங்காலை மடக்கி அகட்ட இடமில்லாவிட்டால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல.

கீழிருந்தும் திறக்கும் ஜிப் உள்ளதாக வாங்கினால், நடுராத்திரி டயப்பர் மாற்றும்போது மார்பைத் திறக்க வேண்டியிருக்காது. உங்கள் தூக்கமும் கொஞ்சம் மிஞ்சும்.

கேள்வி: எங்கள் அறை 25 டிகிரி. 2.5 டாக் சாக் போட்டால் பையனுக்குப் பிடரி நனைகிறது. கழற்றினால் கை ஜில்லென்று இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கையை நம்பாதீர்கள். பிறந்த குழந்தையின் கையும் பாதமும் இயல்பாகவே சற்றுக் குளிர்ந்துதான் இருக்கும். மார்பிலோ பிடரியிலோ தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக, ஈரமில்லாமல் இருந்தால் சரி. உங்கள் பையனுக்குப் பிடரி நனைகிறது என்றால் சூடு அதிகம். அதிகச் சூடு திடீர் சிசு மரண அபாயத்தைக் கூட்டும் என்பதால் இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

டாக் என்பது துணி எவ்வளவு சூட்டை அடக்கி வைக்கிறது என்பதன் அளவு. பொதுவாக 24 டிகிரிக்கு மேல் 0.5, 20 முதல் 24 வரை 1, 16 முதல் 20 வரை 2.5. உங்கள் அறைக்கு 0.5 போதும், உள்ளே மெல்லிய பருத்தி உடை ஒன்று. சாக்குக்கு மேல் போர்வையோ, தூங்கும்போது தலைக்குக் குல்லாவோ வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தையைக் கைகளையும் சேர்த்துச் சுற்றித்தான் தூங்க வைக்கிறோம். இப்போது புரளப் பார்க்கிறான். எடை வைத்துத் தைத்த சாக் போட்டால் அசையாமல் தூங்குவானாமே?

பதில்: வேண்டவே வேண்டாம். எடை வைத்தது எதுவும் சின்னஞ்சிறு மார்பின்மேல் இருக்கக்கூடாது. கைகளைச் சேர்த்துச் சுற்றுவதையும் இன்றே நிறுத்துங்கள்; குப்புறப் புரண்டால் கையூன்றித் தலையைத் திருப்ப முடியாது. கைகள் வெளியே இருக்கும் சாக்குக்கு மாறுங்கள். சில இரவுகள் அடம்பிடிப்பான், பழகிவிடும். எந்தச் சாக் போட்டாலும் மல்லாக்கவே படுக்க வையுங்கள். மெத்தை கெட்டியாக, சமதளமாக, தலையணையும் பொம்மையும் இல்லாமல் இருக்கட்டும். போடும் முன் சாக்கை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள்: பிரிந்த ஒரு நூலோ தலைமுடியோ கால் விரலைச் சுற்றி இறுக்கிவிடும்.