யாக்கோபுன்னா எத்தனா? பையனுக்கு வைக்கலாமா?

கேள்வி: பையன் பொறந்து 4 மாசம் ஆச்சுங்கய்யா. ஜேக்கப்னு கூப்பிடுறோம், தமிழ் பைபிள்ல வர்ற யாக்கோபுதான். பேர் ஆப்ல "ஏமாத்துறவன்"னு அர்த்தம் போட்டிருக்கு, மாமியாரும் பிரசங்கத்துல எத்தன்னு கேட்டிருக்காங்களாம். நியூமராலஜிக்காரர் 5,000 ரூபாய்க்கு எழுத்தை மாத்தித் தர்றேங்கிறார். மாத்திரலாமா?

பதில்: அந்த 5,000-ஐ பையன் பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல போடுங்கம்மா.

எபிரெயத்துல இந்தப் பேர் யாக்கோவ். குதிகாலுக்கு அங்க அகேவ். ரெட்டைப் பிள்ளையில இளையவன், அண்ணன் ஏசாவோட குதிகாலைப் பிடிச்சுக்கிட்டே வெளிய வந்தான், அதான் அந்தப் பேர்னு பைபிள்ல ஆதியாகமம் 25-ஆம் அதிகாரம் சொல்லுது. பொறந்து ஒரு நிமிஷம் ஆகாத புள்ள யாரை ஏமாத்தும்? ஏமாத்துக் கதை 27-ஆம் அதிகாரம். அப்பா தனக்குத் தர இருந்த ஆசீர்வாதத்தை தம்பி தட்டிட்டுப் போயிட்டான்னு தெரிஞ்சதும் ஏசா வயிறெரிஞ்சு, பேருக்கேத்த மாதிரி ரெண்டு தடவை என் காலை வாரிட்டானேங்கிற மாதிரி கத்துறான். நாம காலை வாருறதுன்னு சொல்றோம்ல, எபிரெயத்துலயும் அதே கால் விளையாட்டுதான். பங்காளிச் சண்டையில வந்த வார்த்தை அது, அதை அகராதி அர்த்தம்னு எவனோ ஒருத்தன் ஆப்ல போட, மத்தவன் எல்லாம் அப்படியே காப்பி அடிச்சு விளம்பரத்துல காசு பாக்குறான்.

அறிஞர்கள் பலர் சொல்றது வேற. "தெய்வம் காக்கட்டும்"ங்கிற அர்த்தத்துல யாகூப்-ஏல் மாதிரி ஒரு முழுப்பேரோட சுருக்கம் இதுன்னு. ஹிக்சோஸ்ங்கிற வெளிநாட்டு ராஜாக்கள் ஆண்ட காலத்து எகிப்துல யாகூப்-ஹர்னே ஒரு ராஜா இருந்தான், அவன் பேர் வெட்டின முத்திரைகள் கிடைச்சிருக்கு. எத்தன்னு எவனாவது ராஜமுத்திரையில வெட்டிப்பானா? 46-ஆம் சங்கீதத்துல கடவுளையே யாக்கோபின் தேவன்னுதான் சொல்லுது, மாமியார்கிட்ட அதை வாசிச்சுக் காட்டுங்க.

சிலபேர் "அப்ப ஜேம்ஸ்னு வச்சுடலாம்"பாங்க. அதுவும் இதே பேர்தாம்மா! கிரேக்கத்துல யாக்கோபோஸ், லத்தீன்ல யாக்கோபுஸ், அது பேச்சுல யாக்கோமுஸ்னு திரிஞ்சு ஜேம்ஸ் ஆச்சு. ஸ்பெயின் பக்கம் யாகோ, முன்னாடி புனிதர் சேர்ந்து சந்தியாகோ, நம்ம கடற்கரை ஊர்கள்ல சந்தியாகு. தமிழ் பைபிள்ல பழைய ஏற்பாட்டுக்காரரும் யாக்கோபு, புதிய ஏற்பாட்டுல நிருபம், அதாவது கடிதம், எழுதினவரும் யாக்கோபு, இங்கிலீஷ் பைபிள்லதான் ஜேக்கப், ஜேம்ஸ்னு ரெண்டாக்கிட்டாங்க. இதை ஏன் இழுக்கிறேன்னா எங்கப்பா ஞானஸ்நானத்துல சந்தியாகு, சர்வீஸ் புக்ல ஜேம்ஸ். அவர் போனப்புறம் அம்மாவோட பென்ஷனுக்கு நான் ஏறாத படி இல்ல, ரெண்டும் ஒரே பேருன்னு சொன்னா கவுண்டர்ல இருந்தவர் "அப்ப ஏன் ரெண்டு விதமா எழுதியிருக்கு?"ன்னார். எபிரெயம் பாடம் எடுத்தவன் அஃபிடவிட்டுக்கு வரிசையில நின்னேன்.

அதனால உங்க கவலை அர்த்தத்துல வேணாம், ஸ்பெல்லிங்ல இருக்கட்டும். பிறப்பைப் பதிஞ்ச தேதியில இருந்து 12 மாசத்துக்குள்ள பேர் சேர்க்க கட்டணமே கிடையாது, வாசல்ல நிக்கிற ஏஜெண்ட் கேட்டா ஒரு பைசா குடுக்காதீங்க. நியூமராலஜிக்காரர் சொன்னார்னு எக்ஸ்ட்ரா ஒரு எழுத்தை சேர்த்துட்டீங்கன்னா அப்புறம் திருத்துறது லேசுல நடக்காது. இங்கிலீஷ்ல நடுவுல சி-யா கே-யான்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இன்னைக்கே முடிவு பண்ணி, ஞானஸ்நான ரிஜிஸ்டர்லயும் அதையே எழுதச் சொல்லுங்க. பாதிரியார் எழுதி முடிச்சதும் பக்கத்துல நின்னு ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாத்துருங்க.